சுவரோரம் படுக்காதவள்

தருமபுரத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்து மனையில் பழைய வீடொன்றை இடிக்கிறார்கள். காலையிலிருந்து கடப்பாரைச் சத்தம். தூசி அடங்கட்டும் என்று தண்ணீர் தெளித்திருப்பார்கள் போலிருக்கிறது. உலையை இறக்கி வைக்கிற நேரத்துக்கு அந்த வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. வைக்கோலும் உமியும் போட்டு மிதித்துக் கட்டிய பழைய மண்சுவர் நனைகிற வாசனை. சோற்றை வடிக்க மறந்து நின்றுவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னை முதன்முதலாகப் பார்த்த அன்று உன் புடவையிலிருந்து வந்தது இந்த வாசனைதான். விழுந்த சுவரை நீயும் உன் வீட்டுக்காரருமாகத் திரும்ப எழுப்பிக்கொண்டிருந்தீர்கள். உன் நகக்கண்ணெல்லாம் சேறு.

நீ போன பிறகு இரண்டு மழைக்காலம் வந்து போய்விட்டது. எழுதப் படிக்கத் தெரியாத உனக்கு உட்கார்ந்து மடல் எழுதுகிறேன். உன்னிடம் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லுமுன் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. நீ இடையில் பேசமாட்டாய். எப்போதுமே நீ பேசினவள் இல்லை.

புயல் அடித்து ஓய்ந்த வருஷம் அது. உடைந்த கையையும் காலையும், சீழ் வைத்த காயங்களையும் பார்த்து முடித்த பிறகுதான், காயமே இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் எங்கள் கண்ணில் பட்டார்கள். இடுப்பில் பிள்ளை இருக்கும். இருப்பது அவர்களுக்கே தெரியாது. ஒருத்திக்குப் பால் நின்றுபோயிருந்தது. இன்னொருத்தி காற்று கொஞ்சம் பலமாக வீசினால் பிள்ளையின் வாயைப் பொத்துவாள். இவர்களுக்காகப் பாண்டிச்சேரியிலிருந்து வியாழக்கிழமை தோறும் ஒரு டாக்டரம்மா வந்தார். மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவர், வெளிநாட்டில் படித்தவர். உடைந்த கட்டில்கள் கிடந்த பின்கட்டு அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். கோரைப்பாய், மரக்கட்டைகள், துணிப் பொம்மைகள், தகரச் சொப்புகள், பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு தொட்டி. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. கூட இருந்து உதவ என்னைப் போட்டார்கள். இதென்ன வைத்தியம் என்று எனக்கே முதலில் சிரிப்பு வந்தது.

உன்னைப் போலகத்திலிருந்து உன் வீட்டுக்காரர்தான் அழைத்து வந்தார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது நினைவிருக்கிறது.

"நர்ஸம்மா, பைத்தியம்னு எழுதிடுவாங்களா? எழுதாம பாக்க முடியுமா?"

"அப்படியெல்லாம் எழுத மாட்டாங்க. என்ன செய்யுது அவங்களுக்கு?"

"ஒண்ணும் செய்யல. சமைக்கிது, தொவைக்கிது, வயலுக்கு வருது. புள்ளையத்தான் தொட மாட்டேங்குது."

எட்டு மாதக் கைக்குழந்தை குமார், புயலில் சுவர் விழுந்து போய்விட்டான் என்றார். மிஞ்சியவள் செல்வி. மூன்று முடிந்து நான்காவது நடக்கிறது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் வராந்தாப் படியில் தடுக்கி விழுந்தாள். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. அவள் அழவில்லை. எழுந்து, காலைப் பார்த்தாள். பிறகு தூணைப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்த உன்னைப் பார்க்கவே இல்லை. நீயும் அசையவில்லை. கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "விழுந்த பிள்ளை அம்மாவைத் தேடல பாத்தீங்களா. நாம பாக்க வேண்டிய காயம் அதுதான்."

அந்த அறையில் நீ சுவரில் சாயாமல் நடுவில் உட்காருவாய். செல்வி உனக்கு எதிர் மூலையில். டாக்டரம்மா உங்கள் இருவருக்கும் இடையில் பாயில் உட்கார்ந்துகொண்டு, புயலைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், செல்வி பேசுகிற மாதிரி உன்னிடம் பேசுவார்.

"அம்மா, எனக்கு முட்டி வலிக்குதும்மா. சொன்னா நீ கோவிச்சுக்குவியோன்னு பயமா இருக்குது."

மூன்றாம் முறையோ நான்காம் முறையோ உனக்குக் கோபம் வந்தது. "அதுக்குப் பதிலா நீங்க ஏன் பேசுறீங்க? அதுக்கு வாய் இருக்குதுல்ல."

"வாய் இருக்கு. கேக்கறதுக்கு ஆள் இருக்கான்னு அவளுக்குத் தெரியல" என்றார் டாக்டரம்மா.

நீ எழுந்து போய்விடுவாய் என்று நினைத்தேன். போகவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் வந்தாய். ஏன் வந்தாய் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். உன் வீட்டுக்காரர் கட்டாயப்படுத்துகிற ஆள் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்து, கூட்டத்தில் நசுங்கி, தொடப் பிடிக்காத பிள்ளையை எப்படியோ கூட்டிக்கொண்டு வந்தாய். அவள் முன்னால் நடப்பாள், நீ நாலடி பின்னால். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் அவள் சட்டைக் காலரை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வாய்.

குளிப்பாட்டுவது என் பொறுப்பு. வெந்நீர் விளாவி, நான் சோப்புப் போட, நீ சொம்பால் ஊற்ற வேண்டும். கையை முழுக்க நீட்டி, நெருப்புக்குள் எதையோ போடுகிறவள் மாதிரி ஊற்றுவாய். பல வாரம் அப்படித்தான் போனது. ஒரு நாள் சோப்பு நுரை அவள் கண்ணில் இறங்கியது. அவள் சத்தம் போடாமல் கண்ணை மட்டும் இறுக்கிக்கொண்டாள். நான் துண்டை எடுக்கத் திரும்புவதற்குள் உன் முந்தானை அவள் முகத்தில் இருந்தது. துடைத்துவிட்டு, சுட்டுக்கொண்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாய். நீங்கள் போன பிறகு டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று சின்னப் பெண் மாதிரிக் கேட்டார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மாதா கோயிலுக்குப் போய் உன் பேரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். நீ சாமி கும்பிடுவதை நிறுத்தியிருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது.

நெல் பால் பிடிக்கிற பருவத்தில்தான் அது நடந்தது. செல்வி மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கினாள். மேலே மேலே வைத்தாள். அதன் அடியில் ஒரு துணிப் பொம்மையைப் படுக்க வைத்தாள். இன்னொரு பொம்மையை எடுத்துக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்து, ஒரு கையால் அடுக்கியதை அப்படியே தள்ளிவிட்டாள்.

நீ போட்ட சத்தத்தில் வார்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு டாக்டரம்மா உன் பக்கத்தில், உன்னைத் தொடாமல், உட்கார்ந்தார். அன்றுதான் நீ சொன்னாய்.

வீட்டுக்காரர் குரும்பகரத்தில் அக்காள் வீட்டுக்குப் போனவர், வர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். விடிகிற நேரத்தில் கூரை போய்விட்டது. ஆற்றுத்தண்ணீர் உள்ளே ஏறியது. செல்வி எப்படியோ வெளியே போய், முற்றத்துக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தாள். இடுப்பளவு தண்ணீர், இழுப்பு வேறு. இரண்டு பிள்ளையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வர முடியாது. மேற்குச் சுவரை ஒட்டி நெல் கொட்டும் மரப்பெட்டி இருந்தது. அதன் மேல்தான் தண்ணீர் ஏறவில்லை. அதில் குமாரைப் படுக்க வைத்து, பழம்புடவையைச் சுற்றி அண்டை கொடுத்துவிட்டு இறங்கினாய். செல்வியைக் கம்பத்திலிருந்து பிய்த்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினபோது, சுவர் இருந்த இடத்தில் வெளி தெரிந்தது.

"இத எடுக்கப் போனதாலதான. இத எடுக்கத்தான போனேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். "இந்தக் கைதான அவன எறக்கி வச்சிச்சு. இதே கைதான இத எடுத்துச்சு. இதத் தொட்டாக்கா அவன் அழுவுறது கேக்குது எனக்கு."

சுவர் விழுந்து பிள்ளை போனது என்றுதான் ஊருக்குத் தெரியும். நீ எதற்காக அவனை இறக்கினாய் என்பது உன் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. டாக்டரம்மா உனக்குச் சமாதானம் சொல்லவில்லை. விதி என்று சொல்லவில்லை, உன் மேல் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. "ரெண்டு பிள்ளையையும் காப்பாத்தத்தான் ஒண்ண எறக்கி வச்சீங்க" என்று மட்டும் சொன்னார். செல்வி கவிழ்ந்து கிடந்த பொம்மையை எடுத்து வந்து உன் மடியில் வைத்தாள். நீ ஒரு கையைத் தூக்கி அவள் தலை மேல் வைத்தாய். வைத்தது வைத்தபடி இருந்தது.

அதன் பிறகு சில வாரம், நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். செல்வி உன்னிடம் "அம்மா, தண்ணி" என்று கேட்டாள். நீ அவளுக்குத் தலை பின்னினாய். கோணல் வகிடு, இரண்டு பின்னலும் இரண்டு உயரத்தில். அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஒரு தடவ தொட்டா போதாது, தினம் தொடணும். பயிர் மாதிரி" என்று டாக்டரம்மா உன்னிடம் சொன்னபோது நீ முதன்முறையாகச் சிரித்தாய். "பயிரு பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று கேட்டாய். அந்தச் சிரிப்பை நான் இன்னொரு முறை பார்க்கவில்லை.

புயல் வேலை முடிந்துவிட்டது என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். டாக்டரம்மாவை வேறு இடத்துக்குப் போட்டார்கள். போகும்போது, "இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. இப்பப் போய் நிறுத்துறது, ஆரம்பிக்காததைவிட மோசம்" என்று ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்த அறையில் குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகளை அடுக்கினார்கள். அடுத்த வியாழக்கிழமை விவரம் தெரியாமல் நீ வந்து, பூட்டின கதவு முன்னால் செல்வியோடு உட்கார்ந்திருந்தாய். நான்தான் வந்து சொன்னேன். "சரிங்க" என்றாய். அவ்வளவுதான். செல்வியின் காலரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனாய்.

லீவு நாளில் நான் போலகத்துக்கு வர ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் டாக்டரம்மாவைப் பார்த்துக் கற்றதுதான். பாயை விரித்து உங்களோடு உட்கார்ந்தேன். செல்விக்காகப் பேசிப் பார்த்தேன்; என் வாயில் அது நாடக வசனம் மாதிரி இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் நீ வீட்டுக்குள் இருக்க மறுத்தாய். மழை வலுத்தால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு முற்றத்தின் நடுவில் போய் உட்காருவாய். உன் வீட்டுக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் நிற்பார். செல்வி வாசற்படியில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தலை பின்னுவது அந்த மழையோடு நின்றுபோனது.

பிறகு நீ உண்டானாய். ஊரே சந்தோஷப்பட்டது. "போனது திரும்பி வருதுங்க நர்ஸம்மா, இனிமே எல்லாம் சரியாயிடும்" என்றார் உன் வீட்டுக்காரர். பையன் பிறந்தான். அவனுக்கும் குமார் என்றே பெயர் வைத்தீர்கள். அவனை நீ கீழே விடவே இல்லை. களத்தில், அடுப்படியில், கிணற்றடியில், எங்கேயும் அவன் உன் உடம்போடு ஒட்டியே இருந்தான். பிள்ளையைத் தொடத் தெரியாதவள் இல்லை நீ என்று அப்போதுதான் என் கண்ணால் பார்த்தேன். செல்வியும் பார்த்தாள்.

ஒரு நாள் நான் வந்திருக்கும்போதே அது நடந்தது. நீ குனிந்து நெல் அள்ளிக்கொண்டிருந்தாய். அழுத தம்பியைச் செல்வி இடுப்பில் தூக்கிக்கொண்டு மேற்குச் சுவர் நிழலில் போய் நின்றாள். ஏழு வயசுக்காரி, வெயில் படாமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். நீ முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து பையனைப் பிடுங்கினாய். அவளைத் தள்ளினாய்.

"இவன்கிட்ட வராத! இனிமே இவன்கிட்ட வராத நீ!"

அவள் விழுந்து எழுந்தாள். அப்போதும் அழவில்லை. நான் அவளைப் பிடித்து நிறுத்தி மண்ணைத் தட்டிவிட்டேன். அவள் உடம்பு கட்டை மாதிரி இருந்தது.

அந்த வருஷமே உன் வீட்டுக்காரர் அவளை டவுனில் கன்னியர் மடத்து ஹாஸ்டலில் சேர்க்க என் உதவி கேட்டார். "இங்க இருந்தா இது வாடிப்போயிடும்ங்க. அங்க நாலு புள்ளைவளோட இருந்தா பொழைச்சுக்கும்" என்றார். கிளம்பின அன்று நீ அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. ஆனால் அவள் துணியெல்லாம் துவைத்து, மடித்து, கிழிசல் தைத்து வைத்திருந்தாய். ஒரு டப்பா நிறைய முறுக்கு சுட்டு, மூடி திறக்காதபடி துணியால் கட்டியிருந்தாய். ஹாஸ்டலில் அவள் அதை எல்லாருக்கும் கொடுத்தாள். தான் ஒன்றுகூடத் தின்னவில்லை என்று வார்டன் சிஸ்டர் சொன்னார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஹாலில் எல்லாப் பெண்களும் சுவரோரம் இடம் பிடிக்கச் சண்டை போடுவார்களாம். செல்வி மட்டும் பாயை நடு ஹாலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வாளாம். ஏன் என்று கேட்டால், "தெரியல சிஸ்டர், சுவரோரம் தூக்கம் வரல" என்பாளாம். புயல் நாள் எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை. கட்டையை அடுக்கி விளையாடியதுகூட நினைவில் இல்லை. கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

உனக்கு மஞ்சள் காமாலை முற்றி, என் வார்டிலேயே கொண்டு வந்து போட்டார்கள். வயிறு வீங்கி, கண்ணெல்லாம் மஞ்சள். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு என்னிடம் உதட்டைப் பிதுக்கினார். செல்வி ஹாஸ்டல் யூனிபார்மோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவளுக்குப் பதிமூன்று வயது, உன் நெற்றி, உன் நடை. "கஞ்சி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அம்மாவிடம் 'ங்க' போட்டுப் பேசினாள், பக்கத்துக் கட்டில்காரியிடம் பேசுவது மாதிரி. நீ தலையசைத்தாய். அவள் ஸ்பூனால் ஊட்டினாள். கையை முழுக்க நீட்டி ஊட்டினாள்.

அவள் போன பிறகு நீ என்னைக் கூப்பிட்டாய். பேசவே சிரமப்பட்டாய்.

"நர்ஸம்மா, அன்னைக்கு நான் எதுக்கு அவன எறக்கி வச்சேன்னு இதுகிட்ட சொல்லிடாதீங்க."

"ஏம்மா? தெரிஞ்சா உன்னைப் புரிஞ்சுக்குமே. உன் மேல கோவம் இருக்காதே."

"தன்னாலதான் தம்பி போனான்னு நெனச்சுக்கும். ஆயுசுக்கும் தூக்கிட்டுத் திரியும். நான் தூக்கிட்டுத் திரிஞ்சது போதும்."

"சொல்லலைன்னா உன்னைப் பத்தி என்ன நெனைக்கும்?"

நீ சுவரைப் பார்க்காமல், கூரையைப் பார்க்காமல், என்னையே பார்த்தாய். "அம்மா கெட்டவன்னு நெனச்சுட்டுப் போவட்டும். அது லேசு."

சொல்லமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய். செல்வி அழவில்லை. கொள்ளி வைக்க வேண்டிய சின்னக் குமாரை, ஆறு வயசு தாண்டியும் நடக்க மறுத்தவனை, இடுப்பில் வைத்துக்கொள்ள வேறு ஆளில்லாமல் அவள்தான் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அது வலித்ததா, பிடித்ததா, தெரியவில்லை. அவன் இறங்கவே மாட்டேன் என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டலிலிருந்து என் வீட்டுக்கு வருவாள். சாப்பிடுவாள், பாத்திரம் தேய்த்துத் தருவாள், அதிகம் பேசமாட்டாள். யாராவது எதிர்பாராமல் தோளைத் தொட்டால் விலகிக்கொள்வாள். நாளைக்கு இவளுக்கொரு பிள்ளை பிறந்தால் என்ன செய்வாள் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. தெரிந்தாலும் அவர் வந்து உட்கார ஒரு வியாழக்கிழமையும் ஓர் அறையும் இல்லை.

போன வாரம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"நர்ஸம்மா, எங்கம்மா என்னய ஒரு தடவையாச்சும் தூக்கியிருக்காங்களா?"

என் கையில் தட்டு இருந்தது. வைத்தேன்.

"தூக்கியிருக்காங்க."

"எப்ப?"

"நீ சின்னப் புள்ளையா இருக்கறப்ப. நல்ல மழை. தண்ணி இடுப்பு வரைக்கும் ஓடுது. அதுல எறங்கி வந்து உன்னத் தூக்கிட்டுப் போனாங்க."

"கீழ வுடலையா?"

"வுடல."

அதற்கு மேல் நான் பேசவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கில் பாதியை உடைத்துவிட்டேனா, காப்பாற்றினேனா, எனக்கே தெரியவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். அவள் தாவணியில் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். முகத்தில் எதையாவது பார்த்துவிட மாட்டேனா என்று நான் நின்றேன்.

"எனக்கு ஞாபகமே இல்லீங்க" என்றாள். ஹாஸ்டலுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

மீதிப் பாதி என்னிடம்தான் இருக்கிறது. அதை அவளிடம் கொடுக்கவும் முடியாது, எங்கேயும் இறக்கி வைக்கவும் முடியாது.